வால் முந்துவதில்லை

ஏழு வண்டி.
கோப்பாய்ப் பெற்றோல் செட்டில்
ரயருக்குக் காற்றடித்தபடியே
ஜெறோம் விதிகளைச் சொன்னான்:
திரும்புகிற சந்தியில் ஒருவர் நிற்கவேண்டும்
கடைசி வண்டி கண்ணில் படும்வரை.
கடைசி வண்டி எவரையும் முந்தக் கூடாது.
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

ஏழிலும் வேகமானது என்னுடையது.
சைலன்சரைக் கேட்டாலே தெரியும்.
போன மாதம் வல்லை வெளியில்
எதிர்க்காற்றுக்குள் நூற்றிப்பத்தில் போனதற்கு
இது தண்டனை என்று விளங்கியது.

எனக்கு முன்னால் துசிதரா.
லைசென்ஸ் எடுத்துப் பதினொரு நாள்.
கனடா போன தமையன் விட்டுச்சென்ற பல்சர்,
நின்றால் நுனிக்கால் மட்டும் நிலம் தொடும்.
அச்சுவேலி வரைக்கும் குறையில்லை,
நேர்த் தெரு, இரண்டு பக்கமும் வெங்காயம்.

தொண்டைமானாறு தாண்டத்தான் தொடங்கிற்று.
வளைவுக்குள் போனபிறகு பிறேக் பிடிப்பாள்.
வண்டி நிமிரும்,
றோட்டு வளையும்,
இரண்டுக்கும் இடையில் என் வயிறு.
மதகைப் பார்த்தாள், மதகுக்கே போனாள்.
ஒரு முழம் மிச்சம்.
கண் போகிற இடத்துக்குத்தான் வண்டியும் போகும் என்று
அவளுக்கு யாரும் சொல்லவில்லை.
நான் சொல்லியிருக்கலாம்.
எனக்கு அப்போது முன்னால் போன ஐந்து வண்டிகளின்
புழுதிதான் பெரிதாக இருந்தது.

வல்வெட்டித்துறைச் சந்தி.
நிரூசன் நிற்கவேண்டிய இடத்தில்
ஒரு நாய் நின்றது.
அது எந்தப் பக்கமும் காட்டவில்லை.

கடலை விட்டு, வலப்பக்கம் திரும்பினாள்.

ஹோர்ன் அடித்தேன்.
கெட்டிக்காரி என்கிறேனாக்கும் என்று நினைத்து
இடக்கையைத் தூக்கி ஆட்டிவிட்டு
கியரை மாற்றினாள்.
இன்னும் நீளமாக அடித்தேன்.
இன்னும் வேகமாகப் போனாள்.

முந்த ஒரு நொடி போதும் எனக்கு.
விதிக்காக முந்தவில்லை என்று
பிறகு ஜெறோமிடம் சொன்னேன்.

எங்கள் ஊரில் மலை இல்லை.
வளைவுகளைச் செய்தது வேலிச் சண்டைகள்.
எவரோ அரை முழம் விடமாட்டேன் என்றதில்
ஒழுங்கை முழங்கையாய் மடங்கியிருக்கிறது.
இன்னும் எவரோ கோர்ட்டுக்குப் போனதில்
மறுபடி மடங்கியிருக்கிறது.
அந்தப் பிடிவாதங்களுக்கு ஊடாக
உடுப்பிட்டிப் பக்கம் அவள் ஓடினாள்,
தகர வேலி, கிடுகு வேலி, மதில், மறுபடி தகரம்.
மூன்றாவது மடிப்பில்
வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்தாள்.
ஐந்தாவதில் தோள் இளகியது.
ஒரு லாண்ட்மாஸ்ரர் எதிரே வந்தது
வைக்கோல் இருபுறமும் பிதுங்க.
அவள் அதைப் பார்க்கவில்லை.
அது விட்ட இடத்தைப் பார்த்தாள்.

நான் ஹோர்னை விட்டுவிட்டேன்.

ஒழுங்கை ஒரு நீலப் படலையில் முடிந்தது.
பூட்டியிருந்தது.
அத்தனை வளைவிலும் விழாதவள்
நின்றபிறகு விழுந்தாள்,
மெதுவாக, மாடு படுப்பதுபோல,
ஒரு காலுக்கு நிலம் எட்டாமல்.
வலப்பக்கக் கண்ணாடி போயிற்று.
ஹெல்மெட்டுக்குள் சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.
கழற்றியபோது சிரிப்பு.

"மற்ற ஆக்கள் எங்கை?"

"பின்னாலை" என்றேன்.

வண்டியைத் தூக்கி நிறுத்தினோம்.
என் போனில் ஜெறோம் ஒன்பது தடவை.
"அப்ப ஏன் அவ்வளவு ஹோர்ன் அடிச்சனீங்கள்?"
படலைக்கு உள்ளே யாரோ தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள்.
கொஞ்ச நேரம் அதைக் கேட்டோம்.

திரும்பிப் போகும்போதும் அவள் முன்னால்.
சந்தியில் இப்போது நிரூசன் நின்றான்,
வெயிலுக்குள், சோடாப் போத்தலோடு,
பருத்தித்துறைப் பக்கம் கையை நீட்டியபடி.
எவ்வளவு நேரமாய் நீட்டியிருந்தானோ,
கை நடுங்கியது.

அவள் அந்தக் கையைப் பார்க்கவில்லை.
றோட்டு முடியுமிடத்தைப் பார்த்துத்
திரும்பினாள்.